சூரிய பகவானும் சொட்டு மருந்தும்

சூரியனைத் தெய்வமென்று கும்பிடும் தேசம் நம் தேசம். காலையில் எழுந்தால் அதற்கு ஒரு கும்பிடு. ஆற்றில் இறங்கினால் இரண்டு கை ஜலம். ரதசப்தமி என்று ஒரு திருநாள். நவக்கிரகத்தில் நடு இடம். ஜாதகத்தில் ஒரு கட்டம். கோனாரக்கில் கல்லால் ஒரு தேர். இவ்வளவு மரியாதையையும் செய்துவிட்டு, அந்தச் சூரியனுடைய வெயில் மனிதன் தோலில் பட்டால் உடம்புக்குள் என்ன நடக்கின்றது என்று நம்முடைய வேத சாஸ்திர புராணங்களில் எதிலாவது சொல்லியிருக்கின்றதா என்று கேட்டால், பதில் இல்லை. ஏழு குதிரை பூட்டிய தேர் என்றும், அதை ஓட்டுகிற அருணனுக்குத் தொடை இல்லை என்றும் மாத்திரம் சொல்லத் தெரிந்திருக்கின்றது. சாரதிக்குத் தொடை இல்லாத கதை தெரிந்தவர்களுக்கு, வெயில் படாத குழந்தைக்குக் கால் வளையும் என்கின்ற சங்கதி தெரியாமல் போய்விட்டது.

அந்தச் சங்கதியைக் கண்டுபிடித்தவர்கள் சூரியனைக் கும்பிடாதவர்கள். ஐரோப்பாவில் புகை மூடிய நகரங்களில் ஏழைக் குழந்தைகளுக்குக் கால் வில்லாக வளைந்து, விலா எலும்பு குழைந்து, மண்டை மெதுவாகிப் போகும் ரிக்கட்ஸ் என்கின்ற நோய் மலிந்து கிடந்தது. 1919-ல் இங்கிலாந்தில் எட்வர்ட் மெல்லன்பி என்பவர் நாய்க்குட்டிகளுக்கு ஆகாரத்தை மாற்றி மாற்றிக் கொடுத்து இந்த நோயை உண்டாக்கியும், காட் என்னும் மீனின் ஈரல் எண்ணெயால் அதைத் தடுத்தும் காட்டினார். அதே 1919-ல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்கின்ற டாக்டர், நோய் கண்ட குழந்தைகளைப் புறஊதா விளக்கு வெளிச்சத்தில் வைத்து, எலும்பு கெட்டிப்படுவதை எக்ஸ்ரே படமெடுத்துக் காட்டினார். 1922-ல் அமெரிக்காவில் மக்காலம் கோஷ்டியார், மீன் எண்ணெயில் வேலை செய்யும் சரக்கு ஏ வைட்டமின் அல்ல, வேறொன்று என்று பிரித்தறிந்து, வரிசையில் நாலாவதாக வந்ததால் அதற்கு டி என்று பெயரிட்டார்கள். தோலில் வெயில் பட்டால் இந்தச் சத்து அங்கேயே உண்டாகின்றது என்பதும், இது இல்லாவிட்டால் தின்ற சுண்ணாம்புச் சத்து எலும்பில் சரியாக ஏறாது என்பதும் பிறகு வெளியாயின. இந்தத் துறையில் உழைத்த ஜெர்மனியின் விண்டாஸ் என்பவருக்கு 1928-ல் நோபல் பரிசு கிடைத்தது. இதிலே பகவானும் இல்லை, பிரசாதமும் இல்லை.

நம் நாட்டு ஆச்சாரத்துக்கும் இந்த நோயில் பங்குண்டு. 1922-ல் ஹட்சிசன், ஷா என்கின்ற இரண்டு டாக்டர்கள் பம்பாய் மாகாணத்து நாசிக் பக்கத்தில் ஆராய்ந்து பார்த்ததில், கோஷா அனுஷ்டிக்கின்ற வசதியுள்ள இந்து வீடுகளிலும் முஸ்லிம் வீடுகளிலும், சாப்பாட்டுக்குக் குறைவில்லாமல் இருந்தும், குழந்தைகளுக்கு ரிக்கட்ஸ் கண்டது. வெட்டவெளியில் வேலை செய்த ஏழைக் கூலிக்காரர்களின் குழந்தைகளுக்கோ, வயிற்றுக்குப் போதாமல் இருந்தும், அது காணவில்லை. பெண்ணை வீட்டுக்குள் பூட்டுவது கௌரவம் என்று நினைத்தவர்கள் தங்கள் குழந்தையின் எலும்பையே அந்தக் கௌரவத்துக்குக் காணிக்கை கொடுத்தார்கள். இந்துவென்றும் முஸ்லிமென்றும் அதில் பேதமில்லை. நம் பக்கத்திலும் பிள்ளை பெற்றவளுக்குத் தீட்டு என்று மூலை அறையில் தள்ளி, காற்றும் வெளிச்சமும் படாமல் தாயையும் சேயையும் அடைத்து வைக்கின்ற வழக்கம் இன்னும் முழுதும் ஒழியவில்லை. 2016 முதல் 2018 வரை இந்திய சர்க்கார் எடுத்த குழந்தைகள் ஊட்டச்சத்துக் கணக்கில் 1 முதல் 4 வயது வரையுள்ளவர்களில் 100-க்கு 14 பேருக்கு டி வைட்டமின் குறைவு என்று தெரிந்தது. வெயில் கொளுத்துகின்ற தேசத்தின் கதி இது.

நிற்க. இன்று நாம் பேச வந்தது எலும்பு வளைவதைப் பற்றி அல்ல. குழந்தைக்கு மூச்சு முட்டுவதைப் பற்றியே பேச வந்தோம்.

நிமோனியா என்னும் நுரையீரல் நோயால் 2019-ம் வருஷத்தில் மாத்திரம் உலகத்தில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் 7,40,180 பேர் மாண்டார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்குச் சொல்லுகின்றது. அந்த வயதில் சாகின்ற குழந்தைகளில் 100-க்கு 14 பேர் இந்த நோயால் சாகின்றார்கள். நம் ஜனங்களுக்கு இது நோயாகத் தோன்றுவதில்லை. ஜோசியனுக்கு இது பாலாரிஷ்டம்; பூசாரிக்கு இது பட்சி தோஷம்; பாட்டிக்கு இது கண்ணேறு. கயிறு மந்திரிப்பவனுக்கு ஒரு தட்சிணை, விபூதி ஊதுகிறவனுக்கு ஒரு தட்சிணை என்று கொடுத்துவிட்டு, குழந்தையின் உதடு நீலம் பாய்ந்த பிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகின்றார்கள். 2023 பிப்ரவரியில் மத்தியப் பிரதேசத்து ஷாதோல் ஜில்லாவில், நிமோனியா கண்ட மூன்று மாதப் பெண் குழந்தைக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் 51 தடவை சூடு போட்டார்கள் என்றும், குழந்தை ஆஸ்பத்திரியில் மாண்டது என்றும் பத்திரிகைகளில் வந்தது. மூச்சு விட முடியாத மூன்று மாதக் குழந்தைக்கு 51 சூடு! இதற்குப் பெயர் வைத்தியமாம்! இதை விட்டுவிடச் சொன்னால் நாம் நாஸ்திகர்களாம்!

இதெல்லாம் நம் தோழர்களுக்குத் தெரிந்த சங்கதி. தெரியாத சங்கதி ஒன்று உண்டு. அதைச் சொல்லவே இவ்வளவு பீடிகை போட்டோம்.

தாயத்தையும் கயிற்றையும் அறுத்தெறிந்த வீடுகளில் இப்போது வேறொரு பேச்சு கேட்கின்றது. "குழந்தைக்குச் சளி பிடித்து இழுக்கின்றதா? டி வைட்டமின் சொட்டு கொடு, எதிர்ப்புச் சக்தி வரும், நிமோனியா இறங்கிவிடும்" என்கின்றார்கள். கொரோனா பரவிய 2020, 2021-ம் வருஷங்களில் இந்தப் பேச்சுக்கு மவுசு அதிகமாயிற்று. இது இங்கிலீஷ் மருந்தாகவும், கண்ணாடிக் குப்பியில் இருப்பதாகவும், படித்தவர்கள் சொல்லுவதாகவும் இருப்பதால், பகுத்தறிவுக்காரர்கள் என்று சொல்லிக் கொள்ளுகின்றவர்களும் மறுகேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டு போகின்றார்கள். புரோகிதன் சொன்னதைக் கேள்வி கேட்காமல் நம்புவது மூடநம்பிக்கை என்றால், மருந்துக் கடைக்காரர் சொன்னதைக் கேள்வி கேட்காமல் நம்புவதற்கு வேறு என்ன பெயர் வைப்பது?

இந்தப் பேச்சுக்கு ஆதாரமே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. ஆதாரம் போலத் தோன்றுகின்ற சங்கதிகள் நிரம்ப உண்டு. 1997-ல் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் நிமோனியா கண்ட 500 குழந்தைகளைப் பார்த்ததில் 210 பேருக்கு ரிக்கட்ஸ் இருந்தது. நிமோனியா இல்லாத 500 பேரில் 20 பேருக்குத்தான் அது இருந்தது. விலா எலும்பு குழைந்த குழந்தைக்கு மார்பை விரித்து மூச்சிழுக்கவும், இருமிச் சளியைத் தள்ளவும் பலமிராது என்பது யாருக்கும் விளங்கக் கூடியதே. 2004-ல் மராட்டிய நாட்டு இந்தாபூரிலும், கடுமையான நுரையீரல் நோய் கண்ட சிறு குழந்தைகளின் ரத்தத்தில் இந்தச் சத்து மிகக் குறைவாக இருப்பதைக் கண்டார்கள். 2006-ல் அமெரிக்க விஞ்ஞானிகள், ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் க்ஷயரோகக் கிருமியைக் கொல்லுவதற்கு டி வைட்டமின் உதவுகின்றது என்று சோதனைச் சாலையில் காட்டினார்கள்.

இவ்வளவையும் கேட்ட ஒருவர், "ஆகவே நிமோனியா கண்ட குழந்தைக்கு டி வைட்டமின் கொடுத்தால் தீரும்" என்று முடிவு கட்டினால் அது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால், தோழர்களே, நியாயமாகத் தோன்றுவது வேறு, நிஜமாக இருப்பது வேறு. காக்கை உட்கார்ந்தது, பனம்பழம் விழுந்தது. இரண்டும் சேர்ந்து நடந்தது வாஸ்தவம். காக்கையால்தான் விழுந்ததா என்பதுதான் கேள்வி. ரிக்கட்ஸ் வருகின்ற வீடு எது? இருட்டு வீடு, புகை வீடு, பத்துப் பேர் ஒரே அறையில் படுக்கின்ற வீடு, பால் வாங்க முடியாத வீடு. நிமோனியா வருகின்ற வீடும் அதுவே. ஆகவே தரித்திரம் செய்த வேலையை வைட்டமின் தலையில் போட்டுவிட இடமுண்டு.

இதை எப்படித் தீர்ப்பது? சாஸ்திரத்தைப் புரட்டியா? பெரியவர்களைக் கேட்டா? அல்ல. நோய் கண்ட குழந்தைகளைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டு கூட்டமாகப் பிரிக்க வேண்டும். இரண்டு கூட்டத்துக்கும் ஆஸ்பத்திரியின் வழக்கமான வைத்தியத்தைக் குறைவில்லாமல் செய்ய வேண்டும். அதற்கு மேல் ஒரு கூட்டத்துக்கு டி வைட்டமினும், மற்றதற்குப் பார்வைக்கு அதைப் போலவே இருக்கும் வெறும் சரக்கும் கொடுக்க வேண்டும். எந்தக் குழந்தைக்கு எது போயிற்று என்பது பெற்றவர்களுக்கும் தெரியக்கூடாது. பார்க்கின்ற டாக்டருக்கும் தெரியக்கூடாது. கடைசியில் கணக்குப் பார்க்க வேண்டும். இதில் பணக்காரன், ஏழை, பக்தன், நாஸ்திகன் என்கின்ற பேதத்துக்கு இடமில்லை, ஆசைக்கும் இடமில்லை.

ஆப்கானிஸ்தானத்துக் காபூல் நகரத்தில் அப்படியே செய்தார்கள். அது குளிர்காலம் நீண்ட ஊர். பெண்களும் குழந்தைகளும் வெயில் காணாமல் உள்ளேயே இருக்கின்ற ஊர். டி வைட்டமின் குறைவு மலிந்த ஊர். இந்த மருந்து எங்கேயாவது பலிக்குமானால் அங்கே பலிக்க வேண்டும். 2010-ல் வெளிவந்த முதல் சோதனையில், நிமோனியாவோடு வந்த 1 முதல் 36 மாதம் வரையுள்ள 453 குழந்தைகளில் ஒரு கூட்டத்துக்கு வழக்கமான மருந்தோடு 1,00,000 யூனிட் டி வைட்டமினை ஒரே தடவையாகக் கொடுத்தார்கள். குணமாக எடுத்த நாட்களில் வித்தியாசம் இல்லை; இரண்டு கூட்டத்துக்கும் சுமார் 5 நாள்தான். ஆனால் அடுத்த 90 நாளில் மறுபடியும் நிமோனியா கண்டது மருந்து குடித்தவர்களில் 100-க்கு 45. வெறும் சரக்குக் குடித்தவர்களில் 100-க்கு 58. நம்பிக்கை துளிர்த்தது. நம் ஊர் ஆசாமியாக இருந்தால் அத்தோடு நிறுத்தி, ஸ்தல புராணம் எழுதி, உண்டியலும் வைத்திருப்பான்.

அவர்கள் நிறுத்தவில்லை. அதே கோஷ்டியார் தங்களுடைய நம்பிக்கையைத் தாங்களே பரிட்சைக்கு நிறுத்தினார்கள். 1 முதல் 11 மாதம் வரையுள்ள 3,046 குழந்தைகளை எடுத்து, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 1,00,000 யூனிட்டாக 18 மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். 2012-ல் முடிவு வெளிவந்தது. ஒரு வருஷத்துக்குக் குழந்தை ஒன்றுக்கு நிமோனியாவின் கணக்கு மருந்துக் கூட்டத்தில் 0.145, வெறும் கூட்டத்தில் 0.137. அதாவது யாதொரு பலனும் இல்லை. திரும்பத் திரும்ப வருவதும் குறையவில்லை. மருந்துக் கூட்டத்தில் சற்று அதிகமாகவே இருந்தது. தாங்கள் 2010-ல் கண்டதற்கு நேர்விரோதமான இந்த முடிவை அவர்கள் மூடி மறைக்காமல் உலகறிய அச்சிட்டார்கள்.

டில்லியிலும் பார்த்தார்கள். 2012-ல், கடுமையான நிமோனியா கண்ட 200 குழந்தைகளுக்கு 5 நாள் தினந்தோறும் கொடுத்துப் பார்த்ததில், நோய் இறங்க மருந்துக் கூட்டத்துக்கு 72 மணியும், மற்றக் கூட்டத்துக்கு 64 மணியும் ஆயின. இந்த வித்தியாசம் பொருட்படுத்தத் தக்கதல்ல என்று கணக்கர்கள் சொன்னார்கள். 2016-ல் 324 குழந்தைகளுக்கு 1,00,000 யூனிட் ஒரே தடவையாகக் கொடுத்ததில் 30 மணியும் 31 மணியும். இரண்டிலும் தராசுத் தட்டு அசையவில்லை.

நோய் வந்த பிறகு கொடுப்பது இருக்கட்டும். வராமல் தடுக்கக் கொடுத்தால் என்ன என்றும் கேட்டார்கள். 2017-ல் மார்ட்டினோ கோஷ்டியார் 25 சோதனைகளில் இருந்த 10,933 பேருடைய கணக்கை ஒன்று சேர்த்துப் பார்த்ததில், சளி, காய்ச்சல் முதலிய மூச்சுறுப்பு நோய்களைத் தடுப்பதில் ஒரு சிறு பலன் தெரிந்தது. அதுவும் தினமோ வாரமோ கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கொண்டவர்களில், குறைவு மிகுந்தவர்களுக்கே அதிகம் தெரிந்தது. 2025-ல் 46 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது அந்தச் சிறு பலனும் நிச்சயமாகச் சொல்ல முடியாதபடி தேய்ந்துபோயிற்று.

இதிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. "விஞ்ஞானம் இன்று ஒன்று சொல்லுகிறது, நாளை ஒன்று சொல்லுகிறது, எங்கள் சாஸ்திரமோ என்றும் மாறாதது" என்று வைதீகர்கள் பெருமை பேசுகின்றார்கள். மாறாமல் இருப்பதா பெருமை? சுவரில் நின்றுபோன கடியாரமும் மாறாமல்தான் இருக்கின்றது. காபூலில் கண்டது தப்பாக இருக்கலாமோ என்று கண்டவர்களே சந்தேகப்பட்டதால்தான், ஏழைத் தாய்மார்கள் பலிக்காத மருந்தை நம்பி ஏமாறாமல் தப்ப வழி ஏற்பட்டது. சாந்தி கழித்ததில் பிழைத்த குழந்தை எத்தனை, செத்த குழந்தை எத்தனை என்று எந்த ஜோசியனாவது என்றைக்காவது கணக்குக் காட்டியதுண்டா? பிழைத்தால் பரிகாரத்தின் மகிமை. செத்தால் பூர்வ ஜன்ம கர்மம். தோற்க முடியாத சூதாட்டம் அது. தோற்றால் தோற்றேன் என்று சொல்லுகின்ற யோக்கியதை விஞ்ஞானத்துக்கு மாத்திரம் உண்டு.

அப்படியானால் குழந்தைகளுக்கு டி வைட்டமினே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். எலும்புக்கு வேண்டும். தாய்ப்பாலில் மற்றச் சத்துக்கள் இருந்தாலும் இந்தச் சத்து மிகக் கொஞ்சம். ஆகவே பிறந்தது முதல் ஒரு வயது வரை தினம் 400 யூனிட் கொடுக்கும்படி இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்லுகின்றது. டில்லியில் எடை குறைந்து பிறந்த 2,079 குழந்தைகளுக்கு 6 மாதம் வாரந்தோறும் கொடுத்துப் பார்த்து 2011-ல் வெளியிட்ட சோதனையிலும், சாவும் ஆஸ்பத்திரியில் சேருவதும் குறையவில்லை. ஆனால் குழந்தைகளின் வளர்ச்சி மேலாக இருந்தது. சத்து செய்கின்ற வேலை அது. அதைச் செய்யட்டும். செய்யாத வேலையை அதன் பேரில் ஏற்றி விற்பதைத்தான் நாம் கண்டிக்கின்றோம்.

அளவும் முக்கியம். கடைகளில் 60,000 யூனிட் அடங்கிய சிறு குப்பிகள் கிடைக்கின்றன. தினம் 400 யூனிட் என்று பார்த்தால் அது 150 நாளைய சரக்கு. "சத்துத்தானே, அதிகமானால் என்ன" என்று குழந்தைக்குத் தினமும் ஒரு குப்பியாக ஊற்றினால், ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறி, வாந்தி, மலச்சிக்கல், சோர்வு கண்டு, சிறுநீரகமே கெட்டுப் போகக் கூடும். டாக்டர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. மூடிய கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலில் இந்தச் சத்து உண்டாகாது என்பதையும், பச்சைக் குழந்தையை உச்சி வெயிலில் வாட்டுவது வைத்தியமல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லி வைக்கின்றோம்.

சரி, குழந்தைக்கு மூச்சு முட்டினால் என்ன செய்வது? குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, ஒரு நிமிஷத்துக்கு எத்தனை தடவை மூச்சு விடுகின்றது என்று கடியாரத்தைப் பார்த்து எண்ணுங்கள். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் கொண்டு போக வேண்டும். மூச்சு இழுக்கும்போது மார்பின் கீழ்ப்பக்கம் உள்ளே குழிந்தாலும், பால் குடிக்காமல் போனாலும், எழுப்பினால் எழாமல் கிடந்தாலும், இழுப்பு கண்டாலும், உதடு நீலமானாலும் ஒரு நாழிகைகூடத் தாமதிக்காமல் 108-க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே குழந்தையைப் பிழைக்க வைப்பவை, கிருமியைக் கொல்லும் மருந்தும் பிராணவாயுவுமே. இதற்கு எண்ணத் தெரிந்தால் போதும், பஞ்சாங்கம் வேண்டியதில்லை. ராகு காலம் பார்த்துக் கிளம்புகிறவன் குழந்தையை எமனுக்கு நல்ல நேரத்தில் ஒப்படைக்கிறவனாவான்.

வராமல் தடுக்கவும் வழியுண்டு. 6 மாதம் வரை தாய்ப்பால் மாத்திரம் கொடுங்கள். சர்க்கரைத் தண்ணீர், கழுதைப் பால் என்று வாயில் ஊற்றாதீர்கள். அடுப்புப் புகையும் பீடிப் புகையும் குழந்தை இருக்கின்ற அறைக்குள் வரக்கூடாது. நிமோனியாவை உண்டாக்கும் கிருமிகளில் ஒன்றான ஹிப் கிருமிக்கு எதிரான ஊசி, ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசியில் சேர்ந்து, தமிழ்நாட்டில் 2011 டிசம்பர் முதலும், நிமோகாக்கஸ் கிருமிக்கு எதிரான ஊசி 2021 முதலும் சர்க்கார் செலவில் இனாமாகப் போடப்படுகின்றன. கோயிலுக்கு மொட்டை போட நாள் குறிக்கின்ற தகப்பனார்களே, இந்த ஊசிகளுக்கு நாள் குறித்தீர்களா என்று கேட்கின்றோம்.

நம் தோழர்களுக்குக் கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும். கயிற்றை அறுத்துவிட்டோம், இனி நாம் பகுத்தறிவுவாதிகள் என்று உட்கார்ந்துவிடக் கூடாது. அறுத்த கயிற்றின் இடத்தில் ஒரு மருந்துக் குப்பியைக் கட்டிக்கொண்டால் கட்டு அவிழவில்லை; கயிறுதான் மாறிற்று. யார் எதைச் சொன்னாலும், அவர் பூணூல் போட்டிருந்தாலும் சரி, வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தாலும் சரி, நாமே சொன்னாலும் சரி, "சோதித்துப் பார்த்தார்களா? எத்தனை பேரிடம்? என்ன கண்டார்கள்?" என்கின்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அவரவர் ஊரிலுள்ள தோழர்கள், பிள்ளை பெற்ற ஒவ்வொரு வீட்டுக்கும் போய், தாயையும் சேயையும் தீட்டு அறையிலிருந்து வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொல்லவும், எலும்புக்கு 400 யூனிட்டும் நிமோனியாவுக்கு ஆஸ்பத்திரியும் என்று பிரித்துச் சொல்லவும், மூச்சை எண்ணும் விதத்தைத் தாய்மார்களுக்குக் கையோடு காட்டிக் கொடுக்கவும் வேண்டுமென்று கேட்டுக் கொள்ளுகின்றோம்.